சுத்தவே இல்லீன்னா எதுக்கு ஆர்பிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. ஆனாலும் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பது என் பழக்கம். கோவை கணபதியில், சத்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வைண்டிங் கடை. அப்பா ஆரம்பித்தது. போர் மோட்டார், மோனோபிளாக், கிரைண்டர் மோட்டார் என்று எரிந்துபோய் வருகிற எதுவானாலும் பழைய காயிலைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றித் தருவோம். எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவன் ஏன் காப்பர் வயரோடு மல்லுக்கட்டுகிறான் என்பது வேறு கதை. கடன் சம்பந்தப்பட்டது, விடுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிறு, அக்கா மகள் பாடப் புத்தகத்தோடு வந்து சேர்ந்தாள். பதினொன்றாம் வகுப்பு. அணுவுக்குள் எலக்ட்ரான் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் குவாண்டம் எண்கள் பாடம். எலக்ட்ரான் பரவியிருக்கும் இடத்துக்கு அதில் ஆர்பிட்டால் என்று பெயர். வார்னிஷ் டின் மேல் உட்கார்ந்து ஐந்து நிமிடம் புரட்டிவிட்டுக் கேட்டாள்.

"மாமா, எஸ் ஆர்பிட்டாலுக்குக் கோண உந்தம் பூஜ்ஜியம்னு வருதுங்க. அப்படீன்னா எலக்ட்ரான் சுத்தறதே இல்லீங்களா?"

"இல்ல கண்ணு."

"சுத்தவே இல்லீன்னா அப்புறம் எதுக்கு ஆர்பிட்டால்னு பேரு வெச்சாங்க?"

"உக்கடத்துக்கு அந்தப் பக்கம் ஆத்துப்பாலம்னு பேரு இருக்குது. வருசத்துல எத்தனை நாளைக்கு அடியில தண்ணி ஓடுது?" என்றேன். சிரித்துவிட்டாள். ஆர்பிட்டால் என்ற சொல்லை 1932இல் முல்லிகன் என்ற அமெரிக்கர் கொண்டுவந்தார். ஆர்பிட் என்றால் சுற்றுப்பாதை, இது சுற்றுப்பாதை இல்லை, ஆனால் அந்த இடத்துக்கு வந்த ஒன்று என்பதால் பெயரில் கொஞ்சம் வாசனை ஒட்டிக்கொண்டது என்று விளக்கினேன். தலையை ஆட்டினாள். எனக்குத்தான் திருப்தி இல்லை. அவள் போன பிறகும் கேள்வி கடையிலேயே உட்கார்ந்திருந்தது.

மேஜை மேல் ஒரு 5 எச்.பி. மோட்டாரின் ரோட்டார், அதாவது உள்ளே சுழலும் உருளை, கிடந்தது. பேரிங் மாற்ற வந்தது. பெயர்த்தகட்டில் 2880 ஆர்.பி.எம். என்று இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் இது சில நொடிகள் ஓடித்தான் நிற்கும். நிற்க மாட்டேன் என்கிற அந்தப் பிடிவாதத்துக்கு ஓர் அளவு உண்டு, அதுதான் கோண உந்தம். எடை 8 கிலோ, ஆரம் 5 சென்டிமீட்டர் என்று குத்துமதிப்பாக வைத்துப் பெருக்கினால் சுமார் 3 ஜூல்-நொடி வருகிறது.

ஜூல்-நொடி என்ற அலகைப் பார்த்ததும் வேதியியல் படித்தவனுக்கு இன்னொரு எண் ஞாபகம் வரவேண்டும். பிளாங்க் மாறிலி. 6.62607015 என்று எழுதி, தசமப் புள்ளியை 34 இடம் இடப்பக்கம் தள்ளினால் வருவது. அதற்கும் இதே அலகுதான். 1900இல் பிளாங்க் அதை வெப்பத்தில் ஒளிரும் பொருளின் ஒளியை விளக்கக் கொண்டுவந்தார், சுழற்சியை நினைத்து இல்லை. அது கோண உந்தத்தின் அலகாயிற்றே, அப்படியானால் அணுவுக்குள் கோண உந்தம் சில்லறை சில்லறையாகத்தான் மாறுமோ என்று 1912இல் எழுதியவர் நிக்கல்சன் என்ற ஆங்கிலேயர். அவர் அணுவை ஆராய்ந்துகொண்டு இதற்கு வரவில்லை. சூரியனின் வெளி மண்டலத்திலிருந்தும் நெபுலாக்கள் எனும் விண்வெளி வாயு மேகங்களிலிருந்தும் வரும் புரியாத ஒளிக்கோடுகளுக்கு விளக்கம் தேடினார். அதற்காக நெபுலியம் போல, பூமியில் இல்லாத தனிமங்களைக் கற்பனை செய்தார். அந்தத் தனிமங்கள் எங்குமே இல்லை. நெபுலியத்தின் கோடுகள் எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜனுடையவை என்று 1927இல் தெரிந்தது. இல்லாத தனிமத்தை வைத்து இருக்கிற உண்மையைப் பிடித்த மனிதர். 1913இல் நீல்ஸ் போர் தன் ஹைட்ரஜன் அணுவில் இந்த யோசனையைத்தான் மையமாக வைத்தார். நிக்கல்சனைப் பாடப் புத்தகம் எதுவும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பிளாங்க் மாறிலியை இரண்டு பை-யால் வகுத்து வருவதுதான் ஒரு சில்லறைக் காசு. போர் கணக்கில், ஹைட்ரஜனின் அடிநிலையில், அதாவது ஆற்றல் மிகக் குறைந்த நிலையில், எலக்ட்ரானுக்கு ஒரே ஒரு காசு. என் மேஜை மேல் இருந்த ரோட்டார் ஓடும்போது அதனிடம் 3-க்குப் பின்னால் 34 பூஜ்ஜியம் போட்ட அளவுக்குக் காசு. இரண்டும் ஒரே நாணயம் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

1926இல் எலக்ட்ரானை அலையாகக் கணக்கிடும் ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்தபோது அந்த ஒரு காசும் போய்விட்டது. அடிநிலை எலக்ட்ரானின் சுற்றுக் கோண உந்தம் ஒன்று இல்லை, பூஜ்ஜியம். வேடிக்கை என்னவென்றால், ஆற்றல் மட்டும் போர் சொன்ன அதே 13.6 எலக்ட்ரான்-வோல்ட். வழி தப்பு, விடை சரி, முழு மார்க். எலக்ட்ரான் கருவைச் சுற்றவில்லை. கருவைச் சூழ ஒரு பஞ்சு உருண்டை மாதிரி எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருக்கிறது. சுற்றாதது ஏன் கருவில் விழவில்லை என்றால், அதை நெருக்கி உள்ளே தள்ளத் தள்ள அதன் இயக்க ஆற்றல் எகிறுகிறது. பஞ்சுப் பொதியை அமுக்குகிற கதைதான். மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் தெரிந்த நான் 1996இல் ஒரு காரியம் செய்தேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. இளங்கலை இரண்டாம் வருடம். அணு ஒரு குட்டிச் சூரியக் குடும்பம் என்றால், சூரியக் குடும்பம் ஏன் ஒரு பெரிய அணுவாக இருக்கக் கூடாது? 40 பக்கம் கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, முன் அட்டையில் 'கோள்களின் குவாண்டம் எண்கள்' என்று எழுதினேன். போர் விதிப்படி சுற்றுப்பாதையின் ஆரம் குவாண்டம் எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். பூமிக்கு 5 என்று வைத்தேன். புதனுக்கு 3, வெள்ளிக்கு 4, செவ்வாய்க்கு 6. சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தை 1 என்றால் புதன் 0.36 என்று வந்தது, உண்மை 0.39. செவ்வாய் 1.44, உண்மை 1.52. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வெள்ளிக்கு 0.64 வந்தது, உண்மை 0.72, பரவாயில்லை, அங்கே வேறு ஏதோ விளைவு என்று ஓரத்தில் எழுதினேன். வியாழனுக்கு 11, சனிக்கு 15, யுரேனஸுக்கு 22, நெப்டியூனுக்கு 27. யுரேனஸ் அப்படியே பொருந்தியது, 19.36-க்கு 19.2. நடுவில் 7 முதல் 10 வரை காலியாகக் கிடந்ததில் 8-ஐச் சிறுகோள்களுக்கு ஒதுக்கினேன். மற்றவை 'தடை செய்யப்பட்ட நிலைகள்'. அந்தச் சொல்லைப் போட்டால் எதையும் விளக்கிவிடலாம்.

நோட்டை ஒரு பேராசிரியரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்தார். உள்ளே ஒரு திருத்தமும் இல்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் இரண்டு வரி. '27-க்குப் பதில் 28 போட்டால் என்ன வருகிறது? பூமியின் பாதையில் ஒரு கூழாங்கல்லை விட்டால் அதன் எண் என்ன?'

முதல் வரி புரிய அரைமணி நேரம் ஆனது. 28 போட்டாலும் நெப்டியூன் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. எண் பெரிதாகப் பெரிதாக அடுத்தடுத்த ஆரங்கள் நெருங்கிவிடுகின்றன. 22-க்கு மேல் போனால் எந்தக் கோளை எங்கே வைத்தாலும் ஐந்து சதவீதத்துக்குள் ஒரு முழு எண் கிடைத்தே தீரும். யுரேனஸ் பொருந்தியது யுரேனஸின் பெருமை இல்லை. நெருக்கமாக ஆணி அடித்த சுவரில் எங்கே சட்டையை வீசினாலும் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது வரி என்னை முடித்தே விட்டது. எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே எடை. கோள்கள் அப்படி இல்லை. ஈர்ப்பு விசையில் ஒரே தூரத்தில் பூமியும் சுற்றலாம், கூழாங்கல்லும் சுற்றலாம், இரண்டுக்கும் ஒரே வேகம். ஆனால் கோண உந்தம் எடைக்கு ஏற்ப மாறும். பாதை ஒன்று, எண் மட்டும் கோடி கோடி மடங்கு வேறு. பூமிக்கு உண்மையான குவாண்டம் எண் போட்டே ஆகவேண்டும் என்றால் அது 5 இல்லை, ஏறக்குறைய 25-க்குப் பின்னால் 73 பூஜ்ஜியம். அதற்கு அடுத்த எண்ணின் பாதை எவ்வளவு தள்ளி இருக்கும் என்று அன்று ராத்திரி ஹாஸ்டலில் போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டரை, 1-க்குப் பின்னால் 63 பூஜ்ஜியம் போட்ட எண்ணால் வகுக்க வேண்டும். அணுவின் கருவே அதன் முன்னால் ஆகாயம். பூமிக்குப் படிக்கட்டு இருந்தாலும் பூமியைப் பொறுத்தவரை அது சறுக்குமரம்தான்.

எனக்கு முன்னாலும் பெரியவர்கள் இப்படி ஏமாந்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. 1766இல் டீசியஸ் சொல்லி 1772இல் போடே பரப்பிய, கோள்களின் தூர விதி இருக்கிறதே, 1781இல் யுரேனஸ் அதற்குப் பொருந்தியது, 1801இல் சீரிஸ் என்ற சிறுகோள் பொருந்தியது, 1846இல் நெப்டியூன் வந்து 38.8 இருக்கவேண்டிய இடத்தில் 30-ல் உட்கார்ந்தது. விதி அதோடு சரி. வானத்தில் முழு எண்கள் அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. வியாழனின் நிலாக்களில் கானிமீட் ஒரு சுற்று வருவதற்குள் யூரோப்பா இரண்டு, ஐயோ நான்கு சுற்று முடித்துவிடும். ஆனால் அது ஒன்றையொன்று இழுத்து இழுத்துப் பழகிய தாளம். பிளாங்க் மாறிலிக்கு அதில் வேலை இல்லை.

அப்படியானால் அணுவுக்கும் வானத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லையா? பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன். படத்தில் உறவு இல்லைதான். கணக்கில் ஒன்று இருக்கிறது.

கெப்ளர் 1609இல் சொன்ன சம பரப்பு விதி கோண உந்தம் மாறாது என்பதன் இன்னொரு முகம். அது ஒரு மையத்தை நோக்கி இழுக்கும் எந்த விசைக்கும் பொருந்தும். ஆனால் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமான விசைக்குக் கூடுதலாக ஒரு சலுகை உண்டு: நீள்வட்டம் தன்னையே மூடிக்கொள்ளும், அதன் நீண்ட அச்சு எந்தத் திசையைப் பார்த்ததோ அதே திசையைப் பார்த்தபடியே நிற்கும். சுற்றின் ஆற்றலும் அந்த அச்சின் நீளத்தை மட்டுமே பொறுத்தது. வட்டமாகச் சுற்றினாலும் ஊசிபோல ஒல்லியாகப் போய் வந்தாலும் அச்சு ஒன்றென்றால் ஆற்றல் ஒன்று. கோண உந்தம்தான் வேறு வேறு. ஊசிக்கு ஏறத்தாழப் பூஜ்ஜியம்.

சூரியன் கோளை இழுப்பதும் இந்த விதிதான், புரோட்டான் எலக்ட்ரானை இழுப்பதும் இந்த விதிதான். நீண்ட அச்சின் திசையைக் காட்டும் அந்த மாறாத அம்புக்குறியை எடுத்துக் குவாண்டம் கணக்கில் பொருத்தி, பௌலி என்ற இயற்பியலாளர் 1926இல் ஹைட்ரஜனின் ஆற்றல் நிலைகளைக் கறந்துவிட்டார், அதுவும் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு அச்சில் வரும் முன்பே எழுதி அனுப்பிவிட்டார். ஹைட்ரஜனில் 2எஸ், 2பி (எண் எத்தனையாவது அடுக்கு என்பது; எழுத்து கோண உந்தம், எஸ்-க்குப் பூஜ்ஜியம், பி, டி என்று போகப் போகக் கூடும்) இரண்டும் வெவ்வேறு கோண உந்தம் கொண்டிருந்தும் ஏன் ஒரே ஆற்றலில் இருக்கின்றன என்று கல்லூரியில் கேட்டபோது, அது தற்செயல் என்றார்கள். தற்செயலே இல்லை. செவ்வாயின் நீள்வட்டம் மூடிக்கொள்கிற அதே காரணம்.

வேதியியல் தொடங்குவது அந்தச் சலுகை உடைகிற இடத்தில். இரண்டாவது எலக்ட்ரான் வந்ததும் கருவின் இழுப்பைக் கொஞ்சம் மறைக்கிறது, விசை சுத்தமான வர்க்க விதியாக இருப்பதில்லை. சுற்றாத எஸ் எலக்ட்ரான் மறைப்பைத் தாண்டி உள்ளே கருவரை போய் வருகிறது. கோண உந்தம் உள்ள பி எலக்ட்ரானை அந்த உந்தமே வெளியே தள்ளி நிறுத்துகிறது. அதனால் எஸ் கீழே இறங்குகிறது, பி மேலே நிற்கிறது. தனிம அட்டவணையின் வரிசைகள் இப்போது இருக்கிற மாதிரி விழுவது இதனால்தான். சோறு பொங்கி வழிந்து உப்புத் தண்ணீர் அடுப்பில் பட்டதும் தீ சட்டென்று மஞ்சளாகிறதே, அது சோடியத்தில் 3பி-யிலிருந்து 3எஸ்-க்கு இறங்குகிற எலக்ட்ரானின் ஒளி. இரண்டு நிலைக்கும் இடையே ஹைட்ரஜனில் ஏறக்குறைய இல்லாத அந்த இடைவெளி, சோடியத்தில் கண்ணுக்குத் தெரியும் மஞ்சளாக நம் சமையல்கட்டில் எரிகிறது.

மஞ்சள் என்றதும் இன்னொன்று. (ஈரோட்டு மஞ்சளை இதில் இழுக்க மாட்டேன். அது கர்க்குமின், அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.) என் மச்சான் ஒருவருக்குத் தங்க நகைப் பட்டறையில் வேலை. அவரிடம் ஒருமுறை, தங்கம் மட்டும் ஏன் மாமா மஞ்சள், வெள்ளி ஏன் வெள்ளை என்று என் மகன் கேட்டதற்கு, "அது அதோட பொறப்பு கண்ணு" என்றார். தப்பில்லை. தங்கத்தின் கருவில் 79 புரோட்டான். உள்ளே போய் வருகிற எஸ் எலக்ட்ரான் அங்கே ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலே, 58 சதவீதம் வரை வேகம் எடுக்கிறது. அந்த வேகத்தில் சார்பியல் தலையிட்டே தீரும். எஸ் ஆர்பிட்டால்கள் சுருங்கிக் கீழே இறங்குகின்றன, வெளியே இருக்கிற 6எஸ் உட்பட. உள்ளே இறுகிய எஸ் எலக்ட்ரான்கள் கருவை இன்னும் நன்றாக மறைப்பதால், அதிகக் கோண உந்தத்தோடு எட்டி நிற்கும் 5டி மேலே வருகிறது. இரண்டுக்கும் இடைவெளி குறைந்து, புற ஊதாவில் விழவேண்டிய உறிஞ்சல் நீல ஒளியில் விழுகிறது. நீலத்தை விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பித் தருவதால் தங்கம் மஞ்சள். வெள்ளியில் கரு 47 புரோட்டான்தான், விளைவு அந்த அளவுக்கு வலுவில்லை, உறிஞ்சல் புற ஊதாவிலேயே நின்றுவிடுகிறது. ஆக, சுற்றாத எலக்ட்ரானைப் பார்க்க வேண்டுமென்றால் பெரிய கடை வீதிப் பக்கம் போனால் போதும் என்று அக்கா மகளிடம் சொல்லியிருக்கலாம். அன்றைக்குத் தோன்றவில்லை.

சரி, ரோட்டாருக்குத் திரும்பி வருகிறேன்.

அணுவுக்குள் இருக்கும் காசும் ரோட்டாரிடம் இருக்கும் காசும் ஒரே நாணயம் என்றேன். வெறும் அலகு ஒற்றுமையா, அல்லது நிஜமாகவே மாற்றிக்கொள்ள முடியுமா? முடியும் என்று 1915இல் ஐன்ஸ்டைனும், டச்சு இயற்பியலாளர் லோரன்ட்ஸின் மருமகன் டி ஹாஸும் பெர்லினில் காட்டினார்கள். ஓர் இரும்புத் தண்டை நூலில் தொங்கவிட்டு, சுற்றிலும் காயில். கரண்ட்டைத் திருப்பினால் இரும்பின் காந்தம் திரும்பும். காந்தம் என்பது எலக்ட்ரான்களின் கோண உந்தம். அது தலைகீழானால் மொத்தக் கணக்கு நேராக, தண்டு எதிர்த் திசையில் திரும்பித்தான் ஆகவேண்டும். திரும்பியது. அளவு மட்டும் வம்பு செய்தது. எலக்ட்ரான் கருவைச் சுற்றுவதால்தான் காந்தம் என்ற கணக்குப்படி காந்தத்துக்கும் கோண உந்தத்துக்கும் உள்ள ஒரு விகிதம் 1 வரவேண்டும். அவர்கள் 1-ஐ ஒட்டித்தான் அறிவித்தார்கள். பின்னால் வந்தவர்கள் அளந்தால் 2-க்குப் பக்கத்தில் வந்தது. இரும்பின் காந்தம் சுற்றுவதிலிருந்து வருவது மிகக் குறைவு, பெரும்பாலும் எலக்ட்ரானின் தற்சுழற்சியிலிருந்து, அதாவது எதையும் சுற்றாமலே அதற்கு உள்ளூர இருக்கும் கோண உந்தத்திலிருந்து, வருகிறது. தற்சுழற்சியே 1925இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. எதிர்பார்த்த எண்ணையே பார்த்த ஐன்ஸ்டைனை நினைத்தால் என் 40 பக்க நோட்டின் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வருகிறது.

காயில் சுற்றுவது என் தொழில். இதைக்கூடச் செய்து பார்க்காவிட்டால் எப்படி? பி.வி.சி. பைப்பின் மேல் 26 கேஜ் வயரை எட்டு அடுக்கு சுற்றினேன். உள்ளே 2 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி, மீன் நரம்பில் தொங்கல். கம்பியின் மேல் முனையில் அக்கா மகளின் தாவணியிலிருந்து உதிர்ந்த ஒரு கண்ணாடிச் சில்லு. அதில் லேசர் லைட்டை அடித்துச் சிவப்புப் புள்ளியைச் சுவரில் விழவைத்தேன். எவ்வளவு திரும்ப வேண்டும் என்று முன்பே கணக்குப் போட்டிருந்தேன்: முழுக் காந்தமும் ஒரேயடியாகத் தலைகீழானால், தடையே இல்லாமல் விட்டாலும் கம்பி ஒரு முழுச் சுற்று வர 20 நிமிடத்துக்கு மேல். அவ்வளவு சோம்பல்.

கரண்ட்டைத் திருப்பினேன். புள்ளி சுவரில் ஒரு சாண் ஓடியது. நான் கத்தியே விட்டேன்.

எங்கள் மூத்த வைண்டர் அப்பா காலத்து ஆள். ஸ்டேட்டரில் ஸ்லாட் பேப்பர் சொருகிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, அது கரண்ட்டுக்கு ஆடலீங்க. வெளியே லாரி போச்சுங்க."

இல்லவே இல்லை என்று மறுபடி செய்தேன். புள்ளி இந்த முறையும் ஓடியது, ஆனால் போன முறை ஓடிய பக்கமே. திருப்பிப் போட்டால் திருப்பித்தானே ஓட வேண்டும்? கரண்ட் இல்லாமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தி ரோட்டில் ஒரு டாரஸ் லாரி போனது. புள்ளி ஓடியது.

லாரி இல்லாத இடைவெளிகளிலும் தொந்தரவு இருந்தது. பூமியின் காந்தப்புலம் கம்பியைப் பிடித்து இழுக்கிறது, காயிலின் அச்சு இம்மி சாய்ந்திருந்தாலும் அது தனியாக இழுக்கிறது, இரண்டுமே நான் தேடுகிற விளைவைவிடப் பெரிது. ஐன்ஸ்டைன் இதற்காகத்தான் ஒரு தரம் திருப்பிவிட்டுக் காத்திருக்காமல், ஊஞ்சலுக்குத் தாளம் பார்த்துத் தள்ளுகிற மாதிரி, கம்பி இயல்பாகத் திருகி ஆடும் அதே வேகத்தில் கரண்ட்டை மாற்றி மாற்றிக் கொடுத்தார். அதற்கு ஒரு சின்ன ஆஸிலேட்டர் வேண்டும். செய்துகொண்டிருக்கிறேன்.

நேற்று அக்கா மகள் வந்து தொங்கும் கம்பியை ரொம்ப நேரம் பார்த்தாள். புள்ளி அதன்பாட்டுக்கு அலைந்துகொண்டிருந்தது.

"மாமா, லாரி போகாத நேரமாப் பார்த்து, ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து செய்யலாங்களா?"

சத்தி ரோட்டில் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் கண்ணு லாரி அதிகம் என்றேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் பாதி வண்டி ஓடாது, அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று காலண்டரில் வட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.